ஆண்டறிக்கை: ஐரா ஆல்ட்ரிட்ஜை நாம் அறிந்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நாடக அன்பர்களே, வணக்கம்.

நமது நாடக வாசிப்பு மன்றத்தின் மாதக் கூட்டங்கள் இவ்வாண்டும் தடையின்றி நடந்தன. மழை காரணமாக ஐப்பசிக் கூட்டம் மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே என் அறிக்கையின் பெரும்பகுதியை ஒரே நடிகருக்கு ஒதுக்குகிறேன். பொதுக்குழு பொறுத்தருள வேண்டும்.

கறுப்பினத் தளபதி ஒருவரை நாயகனாகக் கொண்ட ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தை மூன்று கூட்டங்களில் வாசித்தோம். அந்த நாயகன் வேடம் கட்டிப் புகழ்பெற்றவர்களை வரிசையாகச் சொல்லி வந்தபோது, ஐரா ஆல்ட்ரிட்ஜின் பெயர் எவர் வாயிலும் வரவில்லை, என் வாயிலும்தான். அந்த வருத்தமே இந்த அறிக்கை.

அவர் 1807இல் நியூயார்க்கில் பிறந்த கறுப்பினத்தவர். அந்நகரில் கறுப்பினக் கலைஞர்கள் தாங்களே நடத்திய ஆப்பிரிக்கன் குரோவ் அரங்கு தொல்லைகளுக்கு ஆளாகி மூடப்பட்டது. 1824இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ஆல்ட்ரிட்ஜ், மறு ஆண்டே லண்டனில் மேடையேறிவிட்டார்.

1833 மார்ச்சில், லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஒத்தெல்லோவாக நடித்துக்கொண்டிருந்த புகழ்பெற்ற ஆங்கில நடிகர் எட்மண்ட் கீன், உடன் நடித்த மகனின் கைகளிலேயே சரிந்தார். ஏப்ரல் 10 அன்று அதே வேடத்தில் ஆல்ட்ரிட்ஜ் நின்றார். அடிமைமுறை ஒழிப்பு குறித்து நாடே வாதிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவாக நடித்த வெள்ளையின நடிகை எல்லன் ட்ரீயை ஒரு கறுப்பர் தொடுவதா என்று பத்திரிகையில் சீறினார்கள். இரண்டே இரவுகள், அத்தோடு அந்த வாய்ப்பு பறிபோனது. அவரது நடிப்பில் குறை கண்டு எழுதியிருந்தால்கூட மனம் ஆறும்.

அவர் ஓய்ந்துவிடவில்லை. ஊர் ஊராக நடித்தார். 1852 முதல் ஐரோப்பாவெங்கும் சென்றார். உடன் நடித்தவர்கள் ஜெர்மனிலோ ரஷ்ய மொழியிலோ பேச, அவர் ஆங்கிலத்தில் பேசினார். அப்படியும் அரங்கு அவரோடு அழுதது. பிரஷ்ய மன்னர் தங்கப் பதக்கம் அளித்தார். முகத்தில் வெள்ளைப் பூச்சு பூசி, ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாயகனான லியர் மன்னராகவும் நடித்தார்.

1858இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் உக்ரைனியக் கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோ அவரை ஓவியமாகத் தீட்டினார். ஷெவ்சென்கோ பண்ணையடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவர். இருவருக்கும் பொதுமொழி இல்லை. இடையில் ஒரு சிறுமி மொழிபெயர்த்தாள். அசையாமல் உட்கார ஆல்ட்ரிட்ஜால் முடியவில்லையாம். இந்தக் காட்சியை விவரித்தபோது நம் கூட்டம் வெகுநேரம் அமைதியாக இருந்தது.

1867 ஆகஸ்டில் போலந்தின் வூட்ஜ் நகரில் நடிக்கச் சென்ற இடத்திலேயே காலமானார், கல்லறையும் அங்கேதான். அவர் மகள் அமாண்டா பாடகியாகவும் இசையமைப்பாளராகவும் விளங்கி, அமெரிக்கக் கறுப்பினப் பாடகரும் நடிகருமான பால் ரோப்சனுக்குக் குரல் பயிற்சி அளித்தார். 1930இல் லண்டனில் ரோப்சன் ஒத்தெல்லோவாக நின்றபோது, தந்தை விட்டுச்சென்ற இடத்துக்கு மகளின் மாணவர் வந்திருந்தார். ஆனாலும் நம் கையிலிருக்கும் நாடக வரலாற்று நூல்கள் பலவற்றில் ஆல்ட்ரிட்ஜுக்கு ஒரு வரிகூட இல்லை.

நமது வாசிப்பறைச் சுவரில் ஷேக்ஸ்பியர் நடிகர்களின் படங்கள் இருக்கின்றன; அவர் படம் இல்லை. ஷெவ்சென்கோ வரைந்த ஓவியத்தின் பிரதியைச் சட்டமிட்டு, கீனின் படத்துக்கு அருகே மாட்டச் செயற்குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது. பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்