மேல்தகட்டை இன்னும் மூடாதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, பாப்பா மூவரும் நலமாக இருக்க வேண்டும் என்று தெருமுனை மாரியம்மனிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீ அனுப்பிய போட்டோக்களை அப்பா ஸ்ரீராமபுரத்தில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டார். கார் ஷெட்டில் நிற்கிற விமானத்தில் இரண்டு திரையும் எரிவதைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏழு வயதில் பெங்களூர் ஜக்கூர் விமான மைதானத்து வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்குகிற ஒவ்வொரு குட்டி விமானத்துக்கும் கை காட்டியவள் நீ. மெஜஸ்டிக்கில் பஸ் மாறி பெல்லாரி ரோட்டில் இறங்கி நடப்போம். திரும்பி வரும்போது என் மடியிலேயே தூங்கிவிடுவாய். இன்று அமெரிக்காவில் விசிட்டாவில் உட்கார்ந்து, உன் கையாலேயே ஒன்றைக் கட்டி முடிக்கப் போகிறாய்.

ஆனால் கண்ணு, எல்லோரும் திரையைப் பார்த்தார்கள், நான் திரைக்குப் பின்னால் பார்த்தேன். மேல்தகட்டை இன்னும் பொருத்தாமல் வைத்திருக்கிறாய் அல்லவா, அந்தத் திறப்பு வழியாக எடுத்த 4 போட்டோக்களையும் பெரிதாக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தேன். அடுத்த வாரம் ரிவெட் அடித்து மூடப் போவதாகச் சொன்னாய். மூடாதே. இதைப் படித்து முடித்து, சொல்கிற இடங்களையெல்லாம் பிரித்துக் கட்டிய பிறகு மூடு. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாப்பாவைக் கவனிக்கப் போய்விடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் சால்டர். இரண்டாவது போட்டோவில் ரேடியோவுக்குப் போகிற பவர் வயரை நடுவில் ஒட்டுப்போட்டிருக்கிறாய். ஸ்லீவ் சுற்றியிருந்தாலும் உள்ளே ஈயம் என்பது வீக்கத்திலேயே தெரிகிறது. வீட்டு ரேடியோவுக்கு அது போதும். விமானத்துக்கு ஏன் வேண்டாம் என்று சொல்கிறேன். உருகிய ஈயம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி இழைகளுக்குள் ஏறிவிடும். ஏறிய தூரம் வரைக்கும் வயர் கம்பியாக விறைத்துவிடும். விறைப்பு முடிந்து வயர் மறுபடி நெகிழ ஆரம்பிக்கிற அந்த ஒரு இடத்தில்தான் என்ஜின் அதிர்வு முழுவதும் வந்து சேரும். ஒடிவது அங்கேதான். சால்டர் பண்ணி, பக்கத்திலேயே தாங்கல் கொடுத்து ஒழுங்காகச் செய்கிறவர்களும் உண்டு. உன் ஒட்டு அந்தரத்தில் தொங்குகிறது. அதை வெட்டிப் போட்டுவிட்டு, பிரேக்கரிலிருந்து ரேடியோ வரைக்கும் ஒட்டில்லாத ஒரே வயராக இழு. எண்ணிப் பார்த்தால் ஒரு மீட்டர் வயர்தான்.

முனைக்குக் கிரிம்ப் செய், அதாவது லக் என்கிற உலோக முனையை மாட்டி அழுத்திப் பிடிக்கவை. பல்சக்கரம் வைத்த டூலை வாங்கிக்கொள். முழுதாக அழுத்தி முடிக்கும் வரை அது வாயைத் திறக்காது. நல்ல லக்கில் இரண்டு பிடி இருக்கும். முன்பிடி இழைகளைப் பிடிக்கும், பின்பிடி மேலுறையைப் பிடித்து அதிர்வைத் தாங்கும். உன்னுடைய எர்த் லக்குகளில் பின்பிடி மூன்று சும்மா வாயைப் பிளந்துகொண்டிருக்கின்றன. போட்டோவின் இடது ஓரத்தில் பார்.

இந்த இடத்தில் உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது. விமானத்துக்கு வயர்க்கட்டு செய்கிற பீனியா யூனிட்டில் நான் சேர்ந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். அப்போது மெட்ரோ ஏது, இரண்டு பஸ். உனக்குக் காய்ச்சல், இரவெல்லாம் தூக்கமில்லை, அன்றைக்கு ஒரு லாட் அனுப்பியாக வேண்டும். என் ஸ்ட்ரிப்பரின் பிளேடு தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கேட்டு மாற்றியிருக்கலாம், கேட்கவில்லை. 22 கேஜ் விமான வயரில் தலைமுடி மாதிரி 19 இழைகள் இருக்கும். உறையை உரிக்கிறபோது அந்தப் பிளேடு இரண்டு மூன்று இழைகளையும் சேர்த்துக் கொண்டுபோயிருக்கிறது. லக்குக்குள் போன பிறகு அது யாருக்குத் தெரியும்? இழுத்துப் பார்க்கிற சோதனையிலும் நின்றுவிட்டது. அதிர்வு மேஜையில் ஏற்றியதும் ஒன்றன்பின் ஒன்றாகப் போக ஆரம்பித்தது.

எங்கள் செக்ஷனில் இன்ஸ்பெக்டராக ஒரு கன்னடத்து அம்மா இருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு லக்கை அறுத்துத் திறந்து, லென்ஸை என் கையில் கொடுத்து இழைகளை எண்ணச் சொன்னார். எண்ணினேன், 16 வந்தது. இன்னொன்றைக் கொடுத்தார், 17. "நிதானவாகி மாடம்மா", நிதானமாகச் செய்யம்மா, என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனை முனைகளையும் வெட்டி மறுபடி செய்தேன். அதற்கப்புறம் வேலையில் இருந்த கடைசி நாள் வரைக்கும் உரித்த முனையை எண்ணாமல் நான் லக்கில் விட்டதில்லை. நீயும் எண்ணு. ஒரு இழைகூட அறுந்திருக்கக் கூடாது. அறுந்திருந்தால் முனையை வெட்டிவிட்டு மறுபடி உரி. அதற்காகவே எல்லா வயரையும் ஒரு சாண் கூடுதலாக விட்டு இழுக்க வேண்டும்.

அடுத்தது பிளாஸ்டிக் டை. பத்து விரற்கடைக்கு ஒன்றாகப் போட்டுத் தள்ளியிருக்கிறாய், அதுவும் என்ஜின் பக்கத்திலும். அந்தச் சூட்டில் சாதாரண நைலான் காய்ந்து உடைந்துவிடும். வாலை வெட்டிய இடம் பிளேடு மாதிரி நிற்கும். வருஷத்துக்கு ஒருமுறை அந்த விமானத்தை நீயேதான் சோதிக்கப் போகிறாய். கட்டியவருக்கே அந்தச் சான்றிதழைக் கொடுக்கிறார்கள் என்று நீதானே சொன்னாய். அப்போது பேனலுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடுவாய். உன் புறங்கையை நினைத்துப் பார்.

மெழுகு பூசிய தட்டை நூல் அங்கே சுலபமாகக் கிடைக்கும். அதில் கட்டு. உனக்கு இது புதிதே இல்லை. ஆயா மல்லிகை கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீயும் கட்டுவாயே, காம்புகளைச் சேர்த்துப் பிடித்து, நூலை ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் இன்னொரு சுற்றைக் கொண்டுவந்து அடியில் விட்டு இழுப்போம். லூம், அதாவது வயர்க்கட்டு, கட்டுவதும் அதே கைதான். நூல் தன்மேலேயே ஏறிக்கொண்டு பிடித்துக்கொள்ளும். அதன்மேல் ஒரு இரட்டை முடிச்சு, அவ்வளவுதான். ஆயா சொன்ன பக்குவம்தான் இங்கேயும்: காம்பு நசுங்கக் கூடாது, பூவும் நழுவக் கூடாது. யூனிட்டில் சேர்ந்த முதல் வாரமே என் கட்டு மட்டும் ஒழுங்காக இருக்கிறது என்றார்கள். மார்க்கெட்டில் பூக்கட்டிய வீட்டுப் பெண் என்று அவர்களுக்குத் தெரியாது.

தகட்டில் ஓட்டை போட்டு வயரை நுழைத்த இடங்களில் எல்லாம் விளிம்பை மூடுகிற ரப்பர் வளையம், குரோமெட், இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார். அலுமினிய விளிம்பு அவசரப்படாது. நாளுக்கு ஒரு மயிரிழை என்று உறையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது போட்டோவில் மேப் விளக்குக்கு ஒரு சிவப்பு-கறுப்பு ஜோடி வயர் போகிறது. அது கடை வயர், பிவிசி. மற்றதெல்லாம் டெஃப்செல் உறை போட்ட வெள்ளை விமான வயர் போட்டுவிட்டு, சின்ன விளக்குத்தானே என்று நினைத்திருக்கிறாய். டெஃப்செல் 150 டிகிரி வரைக்கும் தாங்கும். பிவிசி எரிந்தால் வருகிற புகை மூச்சையும் கண்ணையும் அடைக்கும். நீங்கள் இருவர் உட்காருகிற அந்தச் சின்னக் கூண்டில் ஜன்னலைத் திறந்து வெளியேற முடியுமா? 1998 செப்டம்பரில் நியூயார்க்கிலிருந்து ஜெனீவாவுக்குக் கிளம்பிய ஸ்விஸ்ஏர் 111 கனடாக் கரையருகே கடலில் விழுந்து 229 பேர் போனார்கள். காக்பிட் கூரைக்கு மேலே ஒரு வயரில் பொறி தெறித்து, பக்கத்தில் போர்த்தியிருந்த இன்சுலேஷன் பற்றிக்கொண்டதுதான் பெரும்பாலும் காரணம் என்று கனடா விசாரணையில் முடிவானது. முதல் வாசனை தெரிந்ததிலிருந்து விழுந்தது வரை சுமார் 20 நிமிடம்தான். எங்கள் யூனிட்டில் அந்த இன்ஸ்பெக்டர் அம்மா இதை எங்களை உட்காரவைத்துச் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஜோடி வயரை இன்றைக்கே பிடுங்கிவிடு.

பிரேக்கர் பற்றி ஒன்று. ரேடியோவைக் காப்பாற்ற என்று நினைத்து பிரேக்கர் அளவு பார்க்காதே, வயரைக் காப்பாற்றப் பார். 22 கேஜ் என்றால் 5 ஆம்பியர். அடிக்கடி விழுகிறது என்று பெரியதாக மாற்றினால் அப்புறம் வயர்தான் ஃபியூஸ். ஹெட்செட் ஜாக்குகள் தகட்டைத் தொடாமல் ஃபைபர் வாஷர் போட்டுப் பொருத்து, ஆடியோ எர்த்தை ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கட்டு. இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் சுற்றுகிற வேகத்துக்கு ஏற்றபடி காதில் ஒரு முனகல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இப்போது என் வயிற்றைக் கலக்கியதைச் சொல்கிறேன். பாப்பா புரொப்பெல்லரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிற போட்டோ. அப்பா அதைத்தான் போனில் முகப்புப் படமாக வைத்திருந்தார். அதைப் பார்த்தபோது எனக்கு என்ஜினுக்குப் பொறி தருகிற மேக்னெட்டோவின் வயர்தான் ஞாபகம் வந்தது.

மற்ற எந்த வயர் அறுந்தாலும் அது போகிற சாமான் செத்துப்போகும். மேக்னெட்டோவில் தலைகீழ். அதற்கு பேட்டரி வேண்டாம், சுற்றினால் தானே பொறி தரும். அதை எர்த்தோடு சேர்ப்பதுதான் அணைப்பது. சாவியிலிருந்து போகிற வயர் செய்கிற வேலை அது ஒன்றுதான். வயர் எங்காவது அறுந்திருந்தால், முனை லூசாகிக் கழன்றிருந்தால், சாவி அணைந்த நிலையில் இருக்கும், உன் கையில்கூட இருக்கும், மேக்னெட்டோ மட்டும் உயிரோடு இருக்கும். சிலிண்டரில் மிச்ச பெட்ரோல் கொஞ்சம் இருந்து, புரொப்பெல்லரை யாராவது கையால் ஒரு சுற்றுத் தள்ளினால் போதும்.

அதனால் இரண்டு மேக்னெட்டோவின் வயரையும் கடைசியாகச் செய். நன்றாகத் தூங்கி எழுந்த காலையில் செய். போனைத் தூர வை, பாப்பா ஸ்கூலுக்குப் போயிருக்கட்டும். முனையை எண்ணி, கிரிம்ப் பண்ணி, இழுத்துப் பார்த்து, என்ஜினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டை, ஃபயர்வாலை, தாண்டுகிற இடத்திலும் என்ஜின் மேலேயும் கிளாம்ப் போட்டு, என்ஜின் ஆடுகிற அளவுக்குத் தளர்வு விடு. பிறகு மீட்டரை வைத்து, சாவி அணைந்திருக்கும்போது இரண்டும் எர்த்தோடு சேர்கிறதா என்று பார். என்ஜின் ஓட ஆரம்பித்த பிறகும், ஒவ்வொரு தடவை நிறுத்தும் முன்பு, மெதுவாக ஓடும்போது சாவியை ஒரு கணம் அணைத்துப் பார். சத்தம் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் அன்றைக்கு யாரும் அந்த மூக்குப் பக்கம் போகக் கூடாது. பாப்பாவுக்கு இன்றைக்கே சொல்லிவை, புரொப்பெல்லரை எப்போதும் தொடக்கூடாது என்று. அப்பா போனில் அந்தப் படத்தை நான் மாற்றிவிட்டேன்.

வயர்களில் மாஸ்கிங் டேப் சுற்றிப் பென்சிலில் எழுதியிருக்கிறாய். எண்ணெய்ப் புகையில் இரண்டே வருஷத்தில் உதிர்ந்துவிடும். எல்லாமே வெள்ளை வயர், நம்பர் போனால் பெயர் போன மாதிரி. சுருங்குகிற ஸ்லீவில் அச்சடித்து இரண்டு முனையிலும் போடு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் எந்த நம்பர், என்ன கேஜ், எங்கிருந்து எங்கே, எந்த பின் என்று எழுதி வை. என் பழைய லூம் நோட்டு ஒன்று பரண்மேல் கிடந்தது, அதன் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கோடு போட்ட விதத்தைப் பார்த்துக்கொள்.

ரெடிமேட் லூம் விற்கிறார்கள், ஆளிடம் கொடுத்துவிடலாமா என்று ஒரு நாள் கேட்டாய். அப்போது "உன் இஷ்டம்" என்றேன். இப்போது சொல்கிறேன், நீயே செய். உன் கை நன்றாக இருக்கிறது. ஃபயர்வாலுக்குப் பின்னால் பேட்டரி கேபிளை வளைத்து இறக்கியிருக்கிற விதம், கிளாம்புக்கு கிளாம்பு ஒரே இடைவெளி, அதை நான் செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். அப்பாவிடம் அந்தப் போட்டோவைத்தான் முதலில் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இங்கே 7 மணிக்கு வீடியோவில் வா. உனக்குச் சனிக்கிழமை ராத்திரி எட்டரை, பாப்பா தூங்கியிருப்பாள். மாப்பிள்ளையை டார்ச் பிடிக்கச் சொல், நீ போனை பேனலுக்குப் பின்னால் இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்து. எஸ்.பி. ரோட்டில் வயரும் நூலும் வாங்கி வைத்திருக்கிறேன், நான் இங்கே கட்டிக் காட்டக் காட்ட நீ அங்கே கட்டு.

அன்புடன்,
அம்மா