கொடிவேரியில் குளிக்க வருவோருக்கு எச்சரிக்கை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பவானி ஆற்றின் குறுக்கே உள்ள கொடிவேரி தடுப்பணைக்கு விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அருவி போல விழும் தண்ணீரில் நனைந்துவிட்டு, கரையில் சுடச்சுட வறுத்த மீனும் தின்றுவிட்டுக் கிளம்பினால்தான் எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை நிறைவடையும். ஆனால் இது குளிப்பதற்காகக் கட்டிய இடமல்ல. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்குத் தண்ணீர் திருப்ப எழுந்த பழைய அணை. பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கினால் ஆழம் எங்கே, சுழல் எங்கே என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. உயிர்ப்பலிகள் புதிதல்ல.

ஆற்றின் மேலே உள்ள பவானிசாகர் அணை தன் முழு நீர்மட்டமான 105 அடியை நெருங்கி உபரிநீர் திறக்கும்போது இங்கே குளிக்கத் தடை விதிக்கிறார்கள். நல்லதுதான். அந்தத் தகவல் கோபி, சத்தியமங்கலம் பேருந்து நிலையங்களிலேயே பலகையில் எழுதப்பட்டால் பாதிப் பேர் அங்கிருந்தே திரும்பிவிடுவார்கள். ஆழமான இடங்களைச் சிவப்புக் கொடியால் காட்டலாம். நீச்சல் தெரிந்த பரிசல்காரர்களுக்கே மீட்புப் பயிற்சி அளித்து, கூட்ட நாட்களில் கூலியும் கொடுக்கலாம். ஆண்டுதோறும் மழைக்கு முன் அணையின் கற்கட்டுமானத்தை ஆய்வு செய்து, அந்த அறிக்கையை அணை வாசலில் ஒட்டினால் விவசாயிகளும் படிப்போம்.

இப்படிக்கு,
பாசன விவசாயி ஒருவர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்