ரியல் டைம்னா ஸ்பீடு இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல லினக்ஸ்ங்கிற ஓஎஸ் (கம்ப்யூட்டர ஓட்டுற அடிப்படை சாஃப்ட்வேர்) பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. தமிழ் பேப்பர்ல கெர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) பத்தியெல்லாம் எழுதுறாங்களேன்னு டீ ஆறுறது கூட தெரியாம படிச்சேன், ஆனா ரெண்டாவது பாராவுலயே லினக்ஸுக்குள்ள ரியல் டைம் வந்துருச்சு, இனி கம்ப்யூட்டர் பல மடங்கு வேகமா ஓடும்னு எழுதிட்டாங்க. அது தப்புங்க. சொல்லப்போனா மொத்த வேலைய கணக்கு பாத்தா கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும். இத நான் படிச்சு தெரிஞ்சுக்கல, ஒரு அலுமினியக் கட்டிய வீணாக்கி தெரிஞ்சுகிட்டேன்.

நான் கணபதி பக்கம் சின்னதா ஒரு பேட்டர்ன் ஷாப் வச்சிருக்கேன், பம்ப் இம்பெல்லர் (உள்ள சுத்துற இறக்கைச் சக்கரம்) ஊத்துற ஃபவுண்டரிகளுக்கு பேட்டர்ன் (வார்ப்பு அச்சுக்கான மாதிரி) அடிச்சு குடுக்குறதுதான் தொழில். புது சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டுற மெஷின்) வாங்க காசு இல்லாததால பழைய மில்லிங் மெஷின் ஒண்ணுக்கு ஸ்டெப்பர் மோட்டார் (ஒவ்வொரு மின் துடிப்புக்கும் ஒரு குட்டி அடி நகர்றது) மாட்டி, ஆபீஸ்ல தூக்கிப்போட்ட கம்ப்யூட்டர் ஒண்ண வாங்கி அதோட பேரலல் போர்ட் வழியா ஓட்டிட்டு இருந்தேன், சாஃப்ட்வேர் எதுன்னு வேண்டாம் விடுங்க. ஒரு நாள் ராத்திரி ஆறு மணி நேர ஜாப், அஞ்சாவது மணி நேரத்துல மோட்டார்ல இருந்து 'க்ரீக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி மெஷின் பாட்டுக்கு ஓடுது. காலையில வெர்னியர் வச்சு பாத்தா கடைசி ரெண்டு இறக்கை ஒண்ணரை மில்லி தள்ளி நிக்குது. ஆன்டிவைரஸோட பதிவ திறந்து பாத்தா அந்த சத்தம் கேட்ட அதே நேரத்துக்கு அது ஸ்கேன் பண்ண எந்திரிச்சிருக்கு.

கணக்கு சின்னதுதாங்க. எங்க மோட்டாருக்கு ஒரு சுத்துக்கு 2000 பல்ஸ் (மின் துடிப்பு), ஒரு சுத்துக்கு பால் ஸ்க்ரூ (மெஷின நகத்துற திருகு) 5 மில்லி நகத்தும். நிமிஷத்துக்கு 1200 மில்லி ஃபீடு (நகர்ற வேகம்) வச்சா செகண்டுக்கு 8000 பல்ஸ், அதாவது 125 மைக்ரோ செகண்டுக்கு ஒண்ணு போயிட்டே இருக்கணும். கம்ப்யூட்டர் வேற வேலையில ஒரே ஒரு மில்லி செகண்ட் மூழ்குனா 8 பல்ஸ் காணோம், ஓடிட்டு இருந்த மோட்டார் திணறி நின்னுட்டு மறுபடி பல்ஸ் வரும்போது எட்டிப்பிடிக்க முடியாம வழுக்கிரும், எவ்வளவு நகந்துச்சுன்னு அளக்குற என்கோடர் இல்லாததால அது வழுக்குனதே கம்ப்யூட்டருக்கு தெரியாது. அதே ஒரு மில்லி செகண்ட் தாமதம் வீடியோ பாக்குறப்ப வந்திருந்தா யாருக்கு தெரியப்போகுது?

ரியல் டைம்னா இதுதாங்க. எவ்வளவு சீக்கிரம்ங்கிறது கேள்வியே இல்ல, ரொம்ப மோசமான நேரத்துல கூட எவ்வளவு லேட்டாகும்னு முன்கூட்டியே அடிச்சு சொல்ல முடியுமாங்கிறதுதான் கேள்வி. நாம வீட்டுல ஆபீஸ்ல வச்சிருக்கிற ஓஎஸ் எல்லாம் நேர் எதிரா யோசிக்கும், மொத்தத்துல நிறைய வேலை நடக்கணும், சராசரி நல்லா இருக்கணும், நடுவுல யாராவது கொஞ்சம் காத்திருந்தா குடி முழுகிப்போகாதுன்னு. அதனாலதான் ரொம்ப காலம் இந்த ரெண்டும் ஒரே கூரைக்குள்ள வராதுன்னு நெனச்சாங்க, மெஷினுக்கு தனி ஓஎஸ், மனுஷனுக்கு தனி ஓஎஸ்.

1990கள்ல அமெரிக்காவுல நியூ மெக்சிகோவுல ஆர்டி லினக்ஸ்னு ஒண்ணு பண்ணாங்க, அடியில ஒரு குட்டி ரியல் டைம் கெர்னல், அதுக்கு மேல மொத்த லினக்ஸும் வேல இல்லாதப்ப மட்டும் ஓடுற ஒரு ப்ரோக்ராம் மாதிரி. வீட்டுக்காரர வாடகைக்கு குடி வச்ச கதைதான், ஆனா வேலை செஞ்சுது. இத்தாலியில மிலான்ல அதே வழியில ஆர்டிஏஐன்னு பண்ணாங்க. நான் அந்த ஆன்டிவைரஸ் கம்ப்யூட்டர தூக்கிப்போட்டுட்டு லினக்ஸ்ல மெஷின் ஓட்டுற லினக்ஸ்சிஎன்சி சாஃப்ட்வேருக்கு மாறுனப்ப முதல்ல ஓட்டுனது இதத்தான், நேரம் தவறவே தவறாது, ஆனா அதுக்குன்னு ஒட்டுப்போட்ட பழைய கெர்னல் மட்டும்தான் ஓடும், மதர்போர்டு மாத்துனா நெட்வொர்க் வராது, பென்டிரைவ்லதான் ஃபைல் கொண்டு போகணும்.

இன்னொரு கூட்டம் 2004, 2005 வாக்குல வேற வழி புடிச்சுது. லினக்ஸ் கெர்னல் எழுதுற இங்கோ மோல்னார், தாமஸ் க்ளைக்ஸ்னர் இவங்கெல்லாம், அடியில எதையும் சொருக வேண்டாம், லினக்ஸையே எந்த இடத்துலயும் நிறுத்தி அவசர வேலைக்கு வழி விட வைக்கலாம்னு கிளம்புனாங்க. கெர்னலுக்குள்ள ஒருத்தன் பூட்டு போட்டுட்டா அடுத்தவன் அந்த ப்ராசசரையே பிடிச்சுகிட்டு காத்திருக்கிற ஸ்பின்லாக்க பெரும்பாலும் தூங்கி காத்திருக்கிற லாக்கா மாத்துனாங்க, இன்டரப்ட (நடுவுல வந்து கூப்பிடுற ஹார்டுவேர் அழைப்பு) அநேகமா எல்லாத்தையும் த்ரெட் (வரிசையில நிக்கிற தனி வேலை) ஆக்குனாங்க, எது முக்கியம்னு நாம வரிசை வைக்கலாம். கேக்க எளிசா இருக்கு, 20 வருஷம் ஆச்சு.

அதுல ஒரு சிக்கல் எங்க ஷாப்லயே தெனம் நடக்குறது. ஹெல்பர் பையன் டூல் ரூம் சாவிய வாங்கிட்டு உள்ள போறான், எனக்கு அவசரமா ஒரு கட்டர் வேணும், சாவி அவன்கிட்ட, காத்திருக்கேன். அந்த நேரம் பாத்து சூப்பர்வைசர் வந்து டேய் வாடா லாரில லோடு ஏத்துன்னு அவன கூட்டிட்டு போயிட்டாரு, அவருக்கு மேல இருக்கிற நான் நிக்கிறேன், என் வேல நிக்குது. 1997 ஜூலைல செவ்வாய் கிரகத்துல இறங்குன பாத்ஃபைண்டர் விண்கலத்தோட கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதும் இதே கதைதான், வானிலை அளக்குற சின்ன டாஸ்க் ஒண்ணு பூட்ட கையில வச்சிருக்க, நடுத்தரமான வேல ஒண்ணு அத ஓரங்கட்ட, மேல இருந்த முக்கியமான டாஸ்க் பட்டினி. பூமியில இருந்தே ஒரு செட்டிங்க மாத்தி சரி பண்ணாங்க: சாவி கையில இருக்கிற வரைக்கும் ஹெல்பர் பையனுக்கும் முதலாளி மரியாதை, சூப்பர்வைசர் அவன தொட முடியாது. பாத்ஃபைண்டர்ல ஓடுனது ரியல் டைமுக்குன்னே செஞ்ச ஓஎஸ், அதுலயே இந்த கதி. அதே வித்தைய லினக்ஸ் முழுக்க அநேகமா எல்லா பூட்டுக்கும் பொருத்தணும்னா சும்மாவா.

கடைசியா எது முட்டுக்கட்டையா நின்னுதுன்னு கேட்டா சிரிப்பீங்க, எரர் மெசேஜ் பிரிண்ட் பண்றது. செகண்டுக்கு 115200 பிட் ஸ்பீடு வச்ச சீரியல் கன்சோல்ல (மெசேஜ ஒயர் வழியா அனுப்புற பழைய வழி) 80 எழுத்து வரி ஒண்ணு போக கிட்டத்தட்ட 7 மில்லி செகண்ட் ஆகும், முன்னெல்லாம் அந்த வரி போய் முடியுற வரைக்கும் கெர்னல் நகராது. என் மெஷின் கணக்குல 56 பல்ஸ் போச்சு! அத ஜான் ஆக்னஸ்ங்கிறவரு பல வருஷம் உக்காந்து திருத்துனாரு, அப்புறம்தான் 2024 செப்டம்பர்ல வியன்னா மாநாட்டுல க்ளைக்ஸ்னர் இத லினக்ஸோட சேத்துக்கச் சொல்ற கோரிக்கைய தங்கக் கலர் பேப்பர்ல சுத்தி லினக்ஸ உருவாக்குன லினஸ் டோர்வால்ட்ஸ் கையில குடுத்தாரு, நவம்பர்ல வந்த 6.12 கெர்னல்ல அது சேந்துச்சு. உங்க கட்டுரையில இந்த தங்கப் பேப்பர் மட்டும் சரியா வந்திருந்துச்சு.

இன்னொண்ணும் விட்டுட்டாங்க, இது தானா ஆன் ஆகி இருக்காது, கெர்னல் கட்டும்போது கேட்டு வாங்கணும், டெபியன்ங்கிற லினக்ஸ் வகையில தனி பேக்கேஜாவே கிடைக்குது. போட்ட உடனே நிம்மதின்னும் இல்ல. நான் லேட்டன்சி டெஸ்ட (தாமதத்த அளக்குறது) ஓட விட்டுட்டு பிரவுசர்ல நாலு வீடியோ போட்டு, பெரிய ஃபைல காப்பி பண்ணி, ஜன்னல புடிச்சு ஸ்க்ரீன் முழுக்க இழுத்து பாத்தேன், பழைய சாதா கெர்னல்ல மில்லி செகண்ட் கணக்குல எகிறுனது இதுல 40 மைக்ரோ செகண்ட தாண்டல. ஆனா வேற ஒரு கம்ப்யூட்டர்ல நிமிஷத்துக்கு ஒருதரம் கெடிகாரம் மாதிரி ஒரு குத்து வந்துச்சு, ரெண்டு நாள் தலைய பிச்சுகிட்டு கடைசியில பாத்தா மதர்போர்டோட பயாஸ் (போர்டுக்குள்ளயே இருக்கிற சாஃப்ட்வேர்) ஓஎஸ்கிட்ட கேக்காமலே ப்ராசசர புடுங்கிட்டு போய் ஏதோ பண்ணிட்டு வருது. அதுக்கு எந்த கெர்னலும் ஒண்ணும் பண்ண முடியாது, செட்டிங்க தேடி அணைச்சேன்.

அதனால கட்டுரையில சொன்ன மாதிரி ஏர்பேக்க லினக்ஸ்ல ஓட்டலாம்ங்கிறத எல்லாம் நான் ஒத்துக்க மாட்டேன். என் ஷாப்ல எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன்ல இருந்து ஒயர் நேரா கான்டாக்டருக்கு (கரண்ட வெட்டுற சுவிட்ச்) போகுது, நடுவுல கம்ப்யூட்டரே கிடையாது. பல்ஸ் அடிக்கிற வேலையவும் இப்ப தனி கார்டுகிட்ட விட்டுட்டேன், கம்ப்யூட்டர் 1 மில்லி செகண்டுக்கு ஒருதரம் அந்த கார்டுக்கு கணக்கு சொன்னா போதும், ஒருதரம் கூட தவறாம. அதே கம்ப்யூட்டர்ல பில் போடுறேன், பையன் பாட்டு கேக்குறான், டிராயிங் வாட்ஸ்அப்ல வருது, பென்டிரைவ் இல்ல.

அடுத்த வாரம் திருத்தம் போடுவீங்கன்னா வேகம்ங்கிற வார்த்தைய எடுத்துட்டு நேரம் தவறாமைன்னு போடுங்க, அது போதும். கட்டுரை எழுதுனவரு கோவை பக்கம் வந்தா ஷாப்புக்கு வரச் சொல்லுங்க, அந்த ஒண்ணரை மில்லி தள்ளுன பேட்டர்ன் இன்னும் என் டேபிள்ல பில் புக்கு மேல வெயிட்டா உக்காந்திருக்கு.

இப்படிக்கு,
ஒரு பேட்டர்ன் ஷாப்காரன்,
கணபதி, கோயம்புத்தூர்.