நீ வேலை பாக்குற மால்டாவைப் பத்தி

பாப்பா,

நல்லா இருக்கியா. போன் பண்ணா டியூட்டின்னு பாதியில வச்சிடுற, அதான் டைப் பண்றேன், லீவு அன்னைக்கு பொறுமையா படி.

உங்க முதியோர் ஹோம்ல ஒரு பாட்டி ரொட்டித் துண்டை கர்சீப்ல சுத்தி தலையணைக்கு அடியில வச்சுக்கிறாங்க, எடுத்தா அழுறாங்கன்னு சொன்னியே, தொண்ணூறு வயசுன்னும் சொன்ன. அப்படின்னா ரெண்டாம் உலகப்போர் நடந்த 1942-ல அவங்க ஆறேழு வயசுப் பிள்ளை. அந்த வருஷம் மே மாசத்துல இருந்து மால்டாவுல ரொட்டிக்கு ரேஷன், பெரியவங்களுக்கே நாளைக்கு சுமார் 300 கிராம்தான், அதை விட்டா விக்டரி கிச்சன்னு சொன்ன அரசாங்கப் பொதுச் சமையல்கூடத்துல கியூல நின்னு வாங்குற தண்ணிக் குழம்பு. அந்த ரொட்டியைப் பறிக்காதம்மா. காஞ்சதை எடுத்துட்டு புதுசு ஒண்ணை வச்சிடு, ஹெட் நர்ஸ்கிட்டயும் எடுத்துச் சொல்லு.

ஏன் அந்தப் பட்டினின்னு மேப்பைப் பாத்தா புரியும். மேல 90 கிலோமீட்டர்ல சிசிலி, கீழ லிபியா. ஆப்பிரிக்காவுல சண்டை போட்ட ஜெர்மன் தளபதி ரோம்மல் படைக்கு பெட்ரோல், டாங்கி, சாப்பாடு எல்லாம் இத்தாலியில இருந்து கப்பல்லதான் போகணும், அந்த வழியிலயே பிரிட்டிஷ் காலனியா இருந்த மால்டா உக்காந்திருந்துச்சு. அங்க இருக்கிற மனோயல் தீவுல இருந்து பிரிட்டிஷ் சப்மரின், லூக்காவுல இருந்து பிளேன், ரெண்டும் போய் அந்தக் கப்பலுங்களை மூழ்கடிச்சுது. நீ போய் இறங்கின ஏர்போர்ட்தான் அந்த லூக்கா. அதனால இத்தாலி 1940 ஜூன் 10 போர் அறிவிச்சு மறுநாள் காலையிலயே மால்டாவுல குண்டு போட ஆரம்பிச்சுது, அப்புறம் ஜெர்மன்காரனும் சேந்துக்கிட்டான். 1942 ஏப்ரல்ல விழுந்த மாதிரி எந்த மாசமும் விழல. அந்த மாசம்தான் இங்கிலாந்து ராஜா தீவுக்கே ஜார்ஜ் கிராஸ்ங்கிற வீர விருதைக் குடுத்தாரு, இன்னைக்கும் அவங்க கொடியில இருக்கு பாரு. அது பெருமைதான், ஆனா எனக்கு மனசு ஆறவே இல்ல. காலனி இல்லையா, முடிவு எல்லாம் லண்டன்ல, அங்க இருந்த ரெண்டே முக்கால் லட்சம் சனத்தை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. எந்தத் தேதியோட சாப்பாடு தீரும், எப்போ சரணடையணும்னு அதிகாரிங்க ரகசியமா கணக்கு போட்டு வச்சிருந்தாங்க, சனங்க பாவம் சுண்ணாம்புப் பாறையைக் குடைஞ்சு அந்த ஈரத்துக்குள்ள குடும்பம் குடும்பமா கெடந்துச்சு, சொறி, டைபாய்டு, வருஷக் கடைசியில போலியோ வேற. நீ நர்ஸ், அந்த இடத்துல அது எப்படிப் பரவியிருக்கும்னு உனக்கே தெரியும். குண்டுல மட்டும் சுமார் 1,500 பேர் செத்தாங்க, எல்லாரும் ஊர் சனம்.

அந்த ஆகஸ்ட்ல போர்க்கப்பல் காவலோட சாப்பாடும் எண்ணெயும் ஏத்திட்டு வந்த கப்பல் கூட்டம், கான்வாய்னு சொல்வாங்க, அதைப் பத்தி படிச்சதுல இருந்து எனக்குத் தூக்கமே சரியா இல்ல. கெளம்பினது 14 சரக்குக் கப்பல், வந்து சேந்தது 5. அதுல ஓஹையோன்னு ஒரு டேங்கர், டார்பிடோ பட்டு, மேல பிளேன் வந்து விழுந்து, எஞ்சின் நின்னு, நடு உடம்பு விரிசல் விட்டு, உள்ள பத்தாயிரம் டன்னுக்கு மேல எண்ணெய். தூத்துக்குடி துறைமுகத்துலயே காலம் தள்ளுன எனக்குத் தெரியும், ஓட்டை விழுந்த கப்பலை முன்னாடி ரோப் கட்டி இழுத்தா நேரா வராது, ஒரு பக்கமா திரும்பிக்கும், ரோப்பும் அறுந்துபோகும். அதனால எழுந்திரிக்க முடியாத பேஷண்டை ரெண்டு நர்ஸ் ரெண்டு தோள்லயும் தாங்குற மாதிரி, ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு டெஸ்ட்ராயர் போர்க்கப்பலைக் கட்டி மெல்ல மெல்ல கொண்டுவந்தாங்க, மேல இருந்து குண்டு விழ விழ. ஆகஸ்ட் 15, அவங்க சாந்தா மரியா திருநாள் அன்னைக்கு கிராண்ட் ஹார்பருக்குள்ள வந்துச்சு, கோட்டைச் சுவர் முழுக்க சனம். எண்ணெயை இறக்க இறக்க கப்பல் தரை தட்டிடுச்சு, அதுக்கப்புறம் அது தானா கடல்ல ஓடவே இல்ல. அந்த எண்ணெய்ல மறுபடி தெம்பாகி மால்டா ரோம்மலோட கப்பலுங்களை அடிச்சுது, நவம்பர்ல அவன் எகிப்துல இருக்கிற எல் அலமெய்ன்ல தோத்தான், மறு வருஷம் சிசிலி மேல படை எடுத்தப்போ அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவரே மால்டாவுல இருந்துதான் நடத்துனாரு.

இத்தனைக்கு அப்புறமும் விடுதலை 1964-லதான், கடைசி பிரிட்டிஷ் படை போனது 1979 மார்ச் 31. உன் வார்டுல இருக்கிற பெருசுங்க எல்லாம் இதைக் கண்ணால பாத்தவங்க, பேசுற தெம்பு இருக்கும்போதே கேளு. பாறைக்குள்ள எங்க படுத்தாங்க, பள்ளிக்கூடம் நடந்துச்சான்னு கேட்டு வை, எனக்கு வாய்ஸ் மெசேஜ்ல சொல்லு.

ஹார்பர் பக்கம் போனா ப்ரேக்வாட்டர் (அலை தடுக்குற சுவர்) வாசலை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, எவ்வளவு அகலம்னு பாக்கணும். அம்மா பருப்புப் பொடி அரைச்சு வச்சிருக்கா, புது ரூம் அட்ரஸ் அனுப்பு.

அப்பா