முதியோர் இல்லச் சண்டைக்குப் பிள்ளைகளை அழைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மட்டக்களப்பு நகருக்கு அண்மையிலுள்ள முதியோர் இல்லமொன்றில் வசிக்கிறேன். ஒக்டோபர் 1 ஆம் திகதி முதியோர் தினத்தை ஒட்டி வெளிவரும் கட்டுரைகள் எங்கள் தனிமையைப் பற்றியே பேசுகின்றன. எங்களுக்குள் நடக்கும் சண்டைகளைப் பற்றியும், இல்ல நிருவாகம் அவற்றைத் தீர்க்கும் விதத்தைப் பற்றியும் எவரும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

மின்விசிறியை எந்த வேகத்தில் சுழல விடுவது, வானொலியில் செய்தியா பக்திப் பாடலா, விறாந்தையில் காற்று வரும் கதிரை யாருக்கு என்பவைதாம் பெரும்பாலும் காரணங்கள். வெளியார் சிரிப்பார்கள். ஆயினும் எமது பகுதியில் வீடு வளவைப் பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பது வழக்கம் என்பதையும், மணமுடித்த ஆண் மனைவியின் வீட்டிலேயே குடியிருப்பவன் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வளவு முழுவதையும் தன் சொல்லால் நடத்தியவளுக்கு இங்கே ஒரு கட்டிலும் அலுமாரியில் ஒரு தட்டுமே மிச்சம். மனைவி இறந்தபின் மகளின் வீட்டில் ஒதுங்கியிருந்து இங்கு வந்தவருக்கோ அதுவே முதன்முதலாகத் தனக்கென்று கிடைத்த இடம். மின்விசிறியின் சுவிட்சுக்காக அவர்கள் விட்டுக்கொடுக்காமல் நிற்பதில் வியப்பில்லை.

அடுத்தடுத்த கட்டில்களில் இரு முதியவர்கள் இருந்தார்கள். இளமையில் ஒருவர் வடமோடிக் கூத்து ஆடியவர், மற்றவர் தென்மோடி; இரண்டும் எமது பகுதி நாட்டுக்கூத்தின் இரு வகைகள். பின்னேரத் தேநீர் முடிந்ததும் எது கடினமான ஆட்டம் என்ற வழக்குத் தொடங்கிவிடும். ஒருவர் கட்டில் சட்டத்தில் தாளம் தட்டிக் காட்டுவார், "உமக்குக் குதிக்கத் தெரியும், பாட எங்க தெரியும்?" என்பார் மற்றவர். ஒருநாள் வார்த்தை தடித்துத் தேநீர்க் கோப்பை பறந்தது. நிருவாகம் ஒருவரின் மகனைத் தொலைபேசியில் அழைத்தது. வந்த மகன், இன்னொரு முறை இப்படி நடந்தால் எங்கேயாவது போங்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் தகப்பனைத் திட்டிவிட்டுப் போனார். கட்டிலும் பின்கட்டடத்துக்கு மாற்றப்பட்டது. முறைப்பாடு செய்த மற்றவர் இப்போது பொல்லை ஊன்றிக்கொண்டு தினமும் பின்கட்டடத்துக்கே போய் விட்ட இடத்திலிருந்து வழக்கைத் தொடர்கிறார். அனுமதியின்றி நடமாடுவதாக அவருக்கும் ஏச்சு விழுகிறது.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பிள்ளைகள் பராமரிக்காவிட்டால் பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். சட்டம் இப்படிப் பெற்றோரின் பக்கம் நிற்கையில், தகப்பனைக் கூட்டி வரும்படி மாணவனிடம் சொல்வது போல, எங்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் முறையிடுவது என்ன நியாயம்? பிள்ளையின் தயவில் மாதக் கட்டணம் செலுத்தப்படும் ஒருவர் அதன்பின் நியாயமான குறையைக்கூட வாய் திறந்து சொல்லமாட்டார்.

அடிதடி வேறு விடயம். அதைத் தடுத்தே ஆக வேண்டும். அதேபோல், சங்கிலியைக் களவெடுத்துவிட்டாள் என்று பக்கத்துக் கட்டில்காரியை ஒருவர் ஓயாமல் குற்றஞ்சாட்டினால், அது மறதி நோயின் அறிகுறியாக இருக்கலாம். அவரை வைத்தியரிடம் காட்ட வேண்டுமேயன்றி, இருவரையும் நிறுத்தி விசாரிக்கக் கூடாது. (ஆண்டுத் திவசத்துக்கு அன்னதானம் கொடுக்க வருவோரும் சேலைகளை ஒரே தரத்தில் கொண்டு வந்தால், அன்று மாலைச் சண்டை ஒன்றாவது குறையும்.)

கட்டிலை மாற்றுமுன் இருவரிடமும் கேளுங்கள். மாதம் ஒருமுறை இல்லவாசிகள் தாங்களாகவே கூடிப் பேச இடங்கொடுங்கள். பிரதேச செயலகத்திலிருந்து வரும் முதியோர் உரிமை உத்தியோகத்தர்கள், மேற்பார்வையாளர் அருகில் இல்லாத நேரத்தில் எங்களுடன் பேச வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
இல்லவாசி ஒருவர்,
மட்டக்களப்பு.