சர்ஃப் மியூசிக்னா கலிஃபோர்னியா மட்டும்தானா சார்?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல சர்ஃபிங் (பலகை மேல நின்னு கடல் அலையில சறுக்குறது) பாட்டுகள பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாதான் இருந்துச்சு, ஆனா மொத்தமும் கலிஃபோர்னியாவுலயே நின்னுபோச்சு. பீச் பாய்ஸ் பாட்டுக்குழு, கிட்டாரிஸ்ட் டிக் டேல், எலக்ட்ரிக் கிட்டார், ஆம்ப்ளிஃபயர் அலறுற சத்தம், அவ்ளோதான். ஹவாய் பாடகர் ஜாக் ஜான்சனுக்கு கடைசியில ஒரே ஒரு வரி, அதுவும் தூங்க வைக்கிற பீச் பார்ட்டி பாட்டுன்னு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர்.

பீச் பாய்ஸ்ல டென்னிஸ் வில்சன் ஒருத்தர்தான் உண்மையில சர்ஃபிங் பண்ணவரு, மத்தவங்க பாடினதோட சரி. (டிக் டேல் அசல் சர்ஃபர், அவர குறை சொல்லல.) ஜாக் ஜான்சன் 1975ல ஹவாய்ல பொறந்து, ஓவாஹு தீவோட நார்த் ஷோர்ல, பைப்லைன்னு சொல்ற அலை அடிக்கிற இடத்துக்கு பக்கத்துலயே வளந்தவரு, அப்பாவும் சர்ஃபர். பைப்லைன்ல அலை பெருசு, தண்ணி ஆழம் கம்மி, அடியில முழுக்க பாறை. 17 வயசுல அங்க அடிபட்டு முகத்துல 150 தையல் கிட்ட போட்டாங்க, பல்லும் போச்சு. அந்த அடிதான் அவர பாட்டுக்காரர் ஆக்குச்சுன்னு எல்லாரும் எழுதுறாங்க, எனக்கு அதுல பெருசா நம்பிக்கை இல்ல, தையல் போட்டவன்லாம் பாடகர் ஆகிடுறானா என்ன.

என் கணக்குல காரணம் அந்த கரைதான். நார்த் ஷோருக்கு பெரிய அலை வர்றது குளிர்காலத்துல, வட பசிபிக்ல எங்கேயோ புயல் அடிச்சா சில நாள் கழிச்சு இங்க வந்து சேரும். வெயில் காலத்துல அதே கடல் குளம் மாதிரி கெடக்கும். அப்போ சர்ஃபர் வாழ்க்கையில பாதி வெயிட்டிங்தான், காத்து திரும்பணும், அலை வரணும், அதுவரைக்கும் கரையில டென்ட் போட்டு, சாயங்காலம் நெருப்ப மூட்டி, கைக்கு கிடைச்ச கிட்டார தட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். அங்க கரண்டும் கிடையாது ஆம்ப்ளிஃபயரும் கிடையாது, பக்கத்துல இருக்கிற நாலு பேருக்கு கேட்டா போதும். 2001ல வந்த முதல் ஆல்பத்த கேட்டா இது புரியும், இவர் கிட்டார், மெர்லோ போட்லெவ்ஸ்கி பேஸ் கிட்டார், ஆடம் டோபல் டிரம்ஸ், அதுக்கு மேல பெருசா எதுவும் இல்ல. சத்தம் போடத் தெரியாம இல்ல சார், அந்த எடத்துல சத்தம் தேவைப்படல.

இன்னொரு விஷயம், இவர் மொதல்ல சினிமா படிச்சவரு. 2000ல நண்பர்களோட சேர்ந்து 16 எம்எம் கேமராவுல ஒரு சர்ஃபிங் படம் எடுத்தாங்க, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, அயர்லாந்து எல்லாம் சுத்துனாங்க, நம்ம இந்தியாவும் அதுல உண்டு. ஆல்பமே வராத காலத்துல சர்ஃபிங் பசங்க இவர் பாட்ட கேட்டது இந்த மாதிரி படங்கள்லதான். பேர் வந்த பிறகும் கடல மறக்கல, 2003ல மனைவியோட சேர்ந்து ஹவாய் பள்ளிக்கூட பசங்களுக்கு சுற்றுச்சூழல் சொல்லிக்கொடுக்க கோகுவா ஹவாய் ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சாங்க, 2008 ஆல்பத்த சோலார் கரண்ட்ல ரெக்கார்ட் பண்ணாங்க. பாட்டு எல்லாமே பிரமாதம்னு சொல்ல மாட்டேன், பின்னாடி வந்த சில ஆல்பம் எனக்கே ஒண்ணு போலத்தான் கேக்குது. ஆனா பார்ட்டி பாட்டுன்னு தள்ளிவிடுறது நியாயம் இல்ல.

அப்புறம் ஒரு வேண்டுகோள். மடியில படுக்க வெச்சு இரும்புத் துண்டால தேய்ச்சு வாசிக்கிற ஸ்டீல் கிட்டார உருவாக்குனதா சொல்றது ஜோசப் கெகுகுன்னு ஒருத்தர, அவரும் அதே ஓவாஹு தீவுல லாயிங்கிற ஊர்க்காரர்தான். அத நம்மாளுங்க ஹவாயன் கிட்டார்னு சொல்லுவாங்க. டாவ் மோன்னு ஒரு ஹவாய்க்காரர் 1940கள்ல குடும்பத்தோட கல்கத்தாவுல தங்கி வாசிச்சு சொல்லியும் கொடுத்தாரு, அப்புறம் இந்தி சினிமா பாட்டு வரைக்கும் அந்த சத்தம் போச்சு. நம்ம பக்கம் லைட் மியூசிக் குழுக்கள்ல அத வாசிச்ச பெரியவங்க இன்னும் யாராவது இருந்தா தேடிப்பிடிச்சு ஒரு முழுப்பக்கம் போடுங்க சார், கலிஃபோர்னியாவுக்கு ரெண்டு பக்கம் குடுத்தீங்கல்ல.

இப்படிக்கு,
ஞாயிறு இணைப்ப மொதல்ல எடுக்கிற ஒரு வாசகன்,
கடலூர்