பத்து ஆட்டத்துச் சாத்திரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழின் விளையாட்டுப் பக்கத்தில், வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கின் (என்.எச்.எல்.) சீசன் தொடங்கிப் பத்து ஆட்டம் முடிவதற்குள் எந்த அணி ஏப்ரலில் பிளேஓஃப், அதாவது கிண்ணத்துக்கான கடைசிச் சுற்றுகளுக்குப் போகும், எந்த அணி வீட்டில் இருக்கும் என்று ஒருவர் சாத்திரம் சொல்லியிருந்தார். நல்ல நடை, ஆசையாக வாசித்தேன். ஆனால் கட்டுரை முழுக்க அவர் பார்த்தது புள்ளிப் பட்டியலை மட்டும்தான். அது போதாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அப்படிப் பார்த்து ஒருமுறை நன்றாக ஏமாந்தவன் நான்.

2013 ஒக்டோபர். நம்முடைய ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் முதல் ஏழு ஆட்டத்தில் ஆறை வென்றிருந்தார்கள். எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் சனிக்கிழமை இரவென்றால் திருவிழாதான். என் மச்சான் வேலையிடத்தில் ஏப்ரல் மாத இரவு ஷிஃப்டுகளை மாற்றித் தரச்சொல்லி அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டார், பிளேஓஃப் பார்க்க! என் மகன் அப்போது பதினோராம் வகுப்பு. சோபாவில் இருக்காமல் கீழே கார்ப்பெற்றில் ஒரு கணக்குக் கொப்பியை விரித்து வைத்து, வலையை நோக்கி அடிக்கிற ஒவ்வொரு ஷொட்டுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டிருப்பான். இடது பக்கம் எங்களுக்கு, வலது பக்கம் எதிரணிக்கு. ஓர் இரவு ஆட்டம் முடிந்து, நாங்கள் வென்று, மச்சான் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தபோது கொப்பியை எட்டிப் பார்த்தேன். இடது பக்கத்தில் நாலு வரி நிரம்பியிருந்தது. வலது பக்கத்தில் ஏழு வரி.

"நாங்கள் வெல்லேல்லை அப்பா, கோலி வெல்லுறார்" என்றான். கோலி என்றால் வலை காக்கிறவர்.

"ஸ்கோர் போர்ட்டில உன்ர கோடு வராது மருமகன்" என்றார் மச்சான். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

அந்த சீசன் எப்படி முடிந்தது என்று இந்த நகரத்தில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். மார்ச் நடுப்பகுதி வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது. 68 ஆட்டத்தில் 36 வெற்றி, 80 புள்ளி (வெற்றிக்கு இரண்டு புள்ளி, ஓவர்டைமில் தோற்றால் ஒன்று). அப்புறம் கோலி ஜொனதன் பெர்னியே காயப்பட்டார். மிச்சம் இருந்த 14 ஆட்டத்தில் வென்றது இரண்டே இரண்டு. 84 புள்ளியோடு பிளேஓஃபுக்கு வெளியே. மச்சான் மாற்றி வாங்கிய இரவுகளில் வேறு ஊர்க்காரர் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காயம்தான் காரணம் என்று அப்போது எல்லாரும் சொன்னோம். கணக்கைப் பாருங்கள். அந்த சீசன் முழுக்க லீஃப்ஸ் ஓர் ஆட்டத்துக்கு வாங்கிய ஷொட் சராசரியாக ஏறத்தாழ 36. லீக்கிலேயே மிக அதிகம் அதுதான். இவர்கள் அடித்தது 28 அளவில். வருகிற 36-இல் நூற்றுக்கு 92, 93 என்று கோலி தடுக்கும் வரைக்கும் வண்டி ஓடும். தடுப்பு வீதம் நூற்றுக்கு ஒன்றே ஒன்று இறங்கினால் என்ன ஆகும்? 82 ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 2,950 ஷொட். அதில் நூற்றுக்கு ஒன்று என்றால் ஏறக்குறைய 30 கோல். காயம் வந்திராவிட்டாலும் அந்தக் கோலி கொஞ்சம் களைத்திருந்தாலே போதும், கதை முடிந்திருக்கும். கூரை ஒக்டோபரிலேயே ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. கீழே ஒருவர் வாளி பிடித்துக்கொண்டு நின்றதால் எங்களுக்கு ஈரம் தெரியவில்லை.

மகன் போட்ட கோட்டுக்குப் பெயர் இருக்கிறது என்று பிறகுதான் அறிந்தேன். கோர்சி. பஃபலோ சேபர்ஸ் அணியில் கோலிகளுக்குப் பயிற்சி கொடுத்த ஜிம் கோர்சி, தன் கோலிக்கு ஓர் இரவில் எவ்வளவு வேலை என்று அறிய, வலைக்கு வந்தது, வெளியே போனது, இடையில் ஆள் மறித்தது என்று எல்லா ஷொட்டையும் எண்ணினாராம். பக், அதாவது பந்துக்குப் பதிலாக அடிக்கிற ரப்பர் வட்டு, யார் பக்கம் அதிகம் இருந்தது என்பதற்கு இதைவிட எளிய அளவு கிடையாது. கோல் என்பது ஓர் இரவில் ஐந்தோ ஆறோதான் விழும், ஷொட் முயற்சியோ நூறுக்கு மேல். அதனால் இருபது, இருபத்தைந்து ஆட்டத்திலேயே இந்தக் கணக்கு ஓரளவு உண்மை பேசத் தொடங்கிவிடும். கோல் கணக்கு அவ்வளவு சீக்கிரம் வாய் திறக்காது.

இன்னொன்று பி.டி.ஓ. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நாம் அடித்த ஷொட்டில் நூற்றுக்கு எத்தனை கோலானது, நம் கோலி நூற்றுக்கு எத்தனை தடுத்தார், இரண்டையும் கூட்டுவது, அவ்வளவுதான். லீக் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கூட்டுத்தொகை 100-க்கு வந்து நிற்கும், ஏனென்றால் ஒருவர் அடித்த கோல் இன்னொருவர் விட்ட கோல். நவம்பரில் ஓர் அணி 103-இல் நின்றால் அதில் ஒரு பங்கு திறமை, பெரும் பங்கு அதிர்ஷ்டம். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு விளங்கும்படி சொன்னால், நாலு பிடி தவறவிட்டதால் 80 ஓட்டம் எடுத்தவர் அடுத்த ஆட்டத்திலும் 80 எடுப்பார் என்று பந்தயம் கட்டமாட்டோம் இல்லையா? ஹொக்கியில் பவர்பிளே என்பது எதிரணி ஆள் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கிற நேரம்; அதில் நூற்றுக்கு எத்தனை தடவை கோல் விழுந்தது என்ற வீதமும் இப்படித்தான். ஒரு முழு சீசனில் எந்த அணியும் எட்டிய உச்சம் 2022-23 எட்மன்டனின் 32.4 சதவீதம். ஒக்டோபரில் 40 என்று யாராவது காட்டினால் அது இறங்கத்தான் போகிறது.

லீஃப்ஸ் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2011-12-இல் மினசோட்டா வைல்ட் 30 ஆட்டத்தில் 20 வெற்றி, 43 புள்ளி. டிசம்பர் முற்பகுதியில் லீக்குக்கே முதலிடம். பக்கைக் கையில் வைத்திருக்கும் கணக்கிலோ அவர்கள் லீக்கின் அடியில் கிடந்தார்கள். மீதி 52 ஆட்டத்தில் 15 வெற்றி மட்டும். 81 புள்ளியோடு வெளியே.

அந்த அணியின் பயிற்சியாளர் மைக் யோ. இந்தப் பெயரை நான் மறக்காததற்குக் காரணம் உண்டு. 2018 நவம்பரில் சென்ட் லூயிஸ் ப்ளூஸ் அணி மோசமாகத் தொடங்கியதற்காக வேலையை இழந்தவரும் இவரே. முதலாவது அணி அதிர்ஷ்டத்தில் மிதந்தது, இரண்டாவது அணியைக் கோலி பக்கம் கைவிட்டது. இரண்டையும் ஒரே மனிதர் அனுபவித்தார், பாவம். 2019 ஜனவரி 3 காலையில் ப்ளூஸ் 37 ஆட்டத்தில் 34 புள்ளியோடு லீக்கின் கடைசி இடம். நாலு நாள் கழித்து ஜோர்டன் பின்னிங்டன் என்ற கோலி முதன்முதலாகத் தொடக்கத்திலிருந்து இறங்கி, ஒரு கோலும் விடாமல் ஃபிலடெல்ஃபியாவை 3-0 என்று மறித்தார். மிச்சம் 45 ஆட்டத்தில் 30 வெற்றி. ஜூன் 12 இரவு பொஸ்டனில், லீக்கின் முதற்பரிசான ஸ்டான்லி கிண்ணம் அவர்கள் கையில்.

எட்மன்டன் 2023-இல் முதல் 12 ஆட்டத்தில் இரண்டே வெற்றி. அதுவரை ஒரே ஒரு ஆட்டம் வென்றிருந்த சான் ஹோசேயிடம்கூடத் தோற்றார்கள். பயிற்சியாளர் ஜே வுட்க்ரொஃப்டை அனுப்பினார்கள். ஆனால் ஷொட் கணக்கில் அந்த அணி அப்போதே மேல் வரிசையில்தான் இருந்தது, கோலிகளின் தடுப்பு வீதம்தான் பாதாளத்தில். பிறகு தொடர்ந்து 16 ஆட்டம் வென்று, இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை போய், ஃப்ளோரிடாவிடம் 2-1 என்று விழுந்தார்கள்.

சரி, கோட்டைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமா என்றால், இல்லை. ப்ளூஸ் கிண்ணம் தூக்கும் என்று எந்தக் கணக்கும் ஜனவரியில் சொல்லியிருக்காது. இது கடைசி இடத்து அணி அல்ல என்று மட்டும் சொல்லியிருக்கலாம். மூன்று கோல் முன்னால் நிற்கிற அணி பின்வாங்கிக் காவல் காக்கும், தோற்கிறவர்கள் கண்டபடி அடிப்பார்கள், அதனால் கோடு பொய்யாகக் கூடும். இதையும் கழித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். எட்டு ஆட்டம் சொந்த ஊரிலேயே விளையாடியதா, பலவீனமான அணிகளாகவே வந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

மச்சான் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைத்தால் மகன்கூட என்னோடு சண்டை பிடிப்பான். அதிர்ஷ்டத்தால் வந்த புள்ளியை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அமெரிக்க நன்றி நவிலல் நாளன்று, அதாவது நவம்பர் நாலாவது வியாழன், பிளேஓஃப் இடத்தில் நிற்கிற அணிகளில் கிட்டத்தட்ட நாலில் மூன்று ஏப்ரலிலும் அங்கே நிற்பது பல ஆண்டு வழக்கம். ஓவர்டைமில் தோற்றாலும் ஒரு புள்ளி கிடைக்கிற லீக்கில் பின்னால் இருந்து ஓடிப் பிடிப்பது கடினம். ஆகவே உங்கள் கட்டுரையாளர் சொன்னதில் பெரும்பகுதி பலிக்கவும் கூடும். விழப்போகிற அந்த நாலில் ஒன்று எது என்பதைத்தான் புள்ளிப் பட்டியல் காட்டாது. நமக்கு வேண்டியதும் அதுதானே?

லீஃப்ஸ் நிர்வாகமும் அடுத்த கோடையில், 2014-இல், எண்களை நம்புகிற கைல் டுபாஸ் என்ற 28 வயது இளைஞரை உதவிப் பொது முகாமையாளராக எடுத்தது. அதன் பிறகும் கிண்ணம் வரவில்லை என்பது வேறு கதை. 1967-இலிருந்து காத்திருக்கிறோம்.

இனிமேல் நீங்கள் புள்ளிப் பட்டியல் போடும்போது ஒவ்வொரு அணிக்கும் பக்கத்தில் இரண்டே இரண்டு எண் சேர்த்துப் போடுங்கள்: ஷொட்டில் அவர்கள் பங்கு நூற்றுக்கு எத்தனை, அந்த பி.டி.ஓ. கூட்டுத்தொகை எத்தனை. 32 அணிக்கும் போட இடம் போதாது என்றால் பின்பக்கத்து ராசிபலனில் கொஞ்சம் வெட்டலாம். மச்சானுக்குத்தான் அதில் கொஞ்சம் வருத்தம் வரும், நான் சொல்லிச் சமாளிக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்
ஸ்காபரோ